ஐந்து வாரம் கட்டிய மஞ்சள் துணி

அந்தச் சட்டைக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிற பெண்கள் எல்லோரும் தலையில் நீலத் துணி கட்ட வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் மட்டும் மஞ்சள். எப்போதோ ஒரு பெண் ஐந்து மாத வயிற்றோடு இஸ்திரி மேசையின் மேலேயே மயங்கி விழுந்து, முழங்கை வரை வெந்துபோன பிறகு வந்த சட்டம் அது. மஞ்சள் கட்டியவளுக்கு முதுகு சாய்கிற நாற்காலி உண்டு. சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே எழுந்து போகலாம். வேனில் முன் சீட்டு அவளுக்குத்தான். சூப்பர்வைசர் அவளை மட்டும் அதட்டக் கூடாது. நர்ஸம்மா தன் கையாலேயே துணியைக் கட்டிவிட்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். கழற்றுவதென்றாலும் அவளிடம்தான் போக வேண்டும். ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்வாள்.

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் ஒரு பெண் தன் புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் நானூறு பேருக்கு அது சொல்லிவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அவளை வீட்டில் மூத்தவள் என்பார்கள், இரண்டு மருமகள்களில் முதலில் வந்தவள் என்பதால். கம்பெனியில் நேர்கோடு என்பார்கள். காலர் வைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு முந்நூறு காலர், ஒன்றுகூடக் கோணியதில்லை. காலரின் இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று மடித்துப் பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பொருந்தும். அதே வரிசையின் கடைசியில், செக்கிங் மேசையில், அவளுடைய ஓரகத்தி இளையவள் நின்றிருப்பாள். தைத்து வருகிற சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. மூத்தவளின் சட்டைக்கு அம்பு வந்ததே கிடையாது.

ஒரே வீடு, ஒரே வேன், ஒரே வரிசை. மூத்தவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருந்தாள். இளையவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு மூத்தவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா உள்ளே அழைத்துப் போய் சோதித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மஞ்சளைக் கட்டிவிட்டாள். வேண்டாம், இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று மூத்தவள் கெஞ்சியதை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். மூத்தவள் வரிசைக்குத் திரும்பி வந்தபோது முதலில் நிமிர்ந்து பார்த்தது இளையவள்தான். கையிலிருந்த சட்டையை மேசையில் வைத்தாள். வாழ்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சாயங்காலம் வேன் தெருமுனையில் நின்றதும் இறங்கி முன்னால் நடந்து போய், மாமியாரிடம் அவளே சொன்னாள்.

மாமியார் அன்று மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினாள். எட்டு வருடத்தில் முதல் தடவை. இந்தத் தடவை பையன்தான், நடையைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள்.

மூத்தவளுக்கு நடை எங்கே இருந்தது? சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அறைக்குள் போனாள்.

முதல் பிரசவத்தை அந்த வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறந்த குழந்தையின் முகத்தை ஒன்பதாவது நாள்தான் பார்த்தாள். இன்னொரு தடவை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தாள். மாமியாரைக் கேட்டால், நாங்களெல்லாம் பெறவில்லையா என்பாள்.

புருஷன் மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிறவன். மெதுவாகப் பேசுவான். தெருவில் யாருக்கு மூலம், யாருக்குச் சர்க்கரை, எந்தப் பெண் எந்த மாத்திரை வாங்கினாள் என்று அத்தனையும் அவனுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. வாங்கியது என்னவென்று தெரியாதபடி பழுப்புக் கவரில் போட்டு, இரண்டு மடிப்பு மடித்துத்தான் கொடுப்பான். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மஞ்சள் துணியோடு அவள் வந்து நின்ற அன்று, அறைக் கதவைச் சாத்திவிட்டு அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயமா இருக்குங்க," என்றாள்.

"எனக்கும்தான். அந்த இருபத்திரண்டு நாளை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. நமக்கு ஒண்ணு போதும். நீ இருந்தா போதும்."

"அத்தைக்கு என்ன பதில் சொல்றது?"

"அதை என்கிட்ட விடு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம். பத்து நாள் கழிச்சு நானே அம்மாகிட்ட உட்கார்ந்து பேசுறேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னு சொல்றேன். நீ வாயே திறக்க வேணாம்."

அந்த ஒரு பேச்சைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

உடம்பு சரியில்லாத சொந்தக்காரரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியில் யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள், பழைய சீட்டுகளைப் பார்த்தாள், உங்கள் உடம்புக்கு இதுதான் நல்லது என்றாள். படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே புருஷன் போட்டான். அவன் கையெழுத்தின் கடைசியில் ஒரு வால் இருக்கும். வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பான். அந்த இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டு அவள் தோளைத் தட்டினான்.

அன்று மத்தியானம் அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். சாகப்போவதில்லை என்கிற நிம்மதி. எழுந்ததும் அந்த நிம்மதியை நினைத்தே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. செய்தது தப்பு என்று தோன்றவில்லை. மறுபடி கேட்டாலும் இதையேதான் செய்வேன் என்று தெரிந்தது. அப்புறம் ஏன் நெஞ்சில் இவ்வளவு பாரம்? ஒரு மூச்சு அழுதால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வீட்டில் சொன்ன பிறகு அழுதுகொள்ளலாம் என்று அதை ஒத்திப்போட்டாள்.

திங்கட்கிழமை காலை வேனுக்குக் கிளம்பும்போது, அலமாரியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, என்ன செய்வது என்று அவனைப் பார்த்தாள்.

"இப்ப நீலத்தைக் கட்டிட்டுப் போனா இளையவ பார்த்துடுவா. நான் சொல்ற வரைக்கும் இதையே கட்டு. ரெண்டு நாள்தானே," என்றான்.

அந்த இரண்டு நாள் ஐந்து வாரமானது.

அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். அம்மாவுக்கு இன்று மூட்டுவலி என்பான். தம்பி வீட்டில் இருக்கிறான் என்பான். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் என்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால், மாமியார் மகனுக்குப் பிடித்ததாகச் சமைத்து வைத்திருப்பாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். கடைக்கு வருகிறவர்கள், என்னப்பா, ரெண்டாவதாமே என்று கேலி செய்தால், தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பானாம். அதைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னபோது, மூத்தவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே எழுந்து போனாள்.

கம்பெனியில் இன்னும் மோசம். முதுகு சாய்கிற நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருப்பாள். ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து போகிறபோது முதுகுக்குப் பின்னால், மெதுவா போடி நேர்கோடு, உள்ள இருக்கிறவன் பயந்துக்கப்போறான் என்று சிரிப்பார்கள். வேனில் முன் சீட்டில் கிழவி ஒருத்தி உட்கார்ந்திருந்தால்கூட எழுப்பிவிட்டு இவளை உட்கார வைப்பார்கள். ரத்தம் இன்னும் முழுதாக நிற்காத உடம்பு. மிஷினுக்குப் போய் உட்காருவதற்குள் தொடை கனத்துவிடும். கண்ணில் தண்ணீர் தெரிந்தால் போதும், மசக்கை என்று யாராவது எலுமிச்சம்பழத்தை நீட்டிவிடுவார்கள். அந்தத் துணியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளால் அழக்கூட முடியவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிவிட்டிருப்பாள். தாங்க முடியாதது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது.

இரண்டு பேரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாத இளையவள், ஒரு போர்வையின் இரண்டு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை இவளிடம் நீட்டினாள். பிழிந்தார்கள். தண்ணீர் சொட்டி முடிந்ததும் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு இளையவள் சொன்னாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்களுக்குத்தான் ஒருத்தி இருக்காளே. இதைச் சுமந்து பெத்து மட்டும் குடுங்க. முழிச்சிருக்கிறது, குளிப்பாட்டுறது, பீத்துணி அலசுறது எல்லாம் நான் பார்த்துக்கிறேன். உங்களையே அம்மான்னு கூப்பிடட்டும். நான் சித்தியாவே இருந்துட்டுப் போறேன். என் கையில வெச்சுக்கக் குடுத்தா போதும்க்கா."

சொல்லும்போது அவள் முகம் போர்வைக்குப் பின்னால் இருந்தது. அவள் போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. நகமெல்லாம் வெளுத்திருந்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். குழந்தை இல்லையடி, கலைத்தாகிவிட்டது என்று அந்த ஈரப் போர்வையின் மேலேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. நான் பேசுகிறேன், நீ வாயே திறக்க வேண்டாம் என்று ஒருவன் சொல்லியிருந்தானே, அது வந்து குறுக்கே விழுந்தது.

"பார்ப்போம்," என்றாள் மூத்தவள்.

ஒரே ஒரு சொல். இளையவளுக்கு அது போதுமானதாக இருந்தது. போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, இவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இவள் தட்டில் முட்டையை அவள் வைத்தாள். வாளியைத் தூக்க விடவில்லை. செக்கிங் மேசையிலிருந்து அவ்வப்போது நிமிர்ந்து இவளைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது வருடமாக யாருக்கும் காட்டாத சிரிப்பு. அந்தச் சிரிப்பு வருகிற ஒவ்வொரு தடவையும் மூத்தவள் மிஷினின் பெடலை அழுத்தி மிதித்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இனிமேல் ஒரு நாள்கூட முடியாது, நீங்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன் என்றாள். அவன் அவள் தலையைத் தடவினான். இந்த வாரத்துக்குள் கட்டாயம் என்றான். குரல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாக இருந்தது. அவள் அதையும் நம்பினாள்.

இரண்டு வாரம் போனது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மஞ்சள் கட்டியவர்களையெல்லாம் நர்ஸம்மா அறை வாசலில் வரிசையாக நிற்க வைத்து எடை பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், தையல்காரர்களின் அதே அளவு நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதுவாள். ஒன்பது பேர் நின்றார்கள். மூத்தவள் ஏழாவது. நாடாவை எடுத்ததும், அதுவரை தேக்கி வைத்ததெல்லாம் உடைந்து, வேண்டாம்மா, அளக்காதீங்க, உள்ளே ஒண்ணும் இல்லை என்று நர்ஸம்மாவின் காதருகே சொன்னாள்.

நர்ஸம்மா கெட்டவள் இல்லை. கதவைச் சாத்தினாள், தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள். ஆனால் நோட்டில் எழுதாமல் இருக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதியைக் கேட்டு எழுதினாள். நோட்டு சூப்பர்வைசரிடம் போனது. ஐந்து வாரமாக நாங்கள் எல்லோரும் கேனையர்களா, உனக்காக ஒருத்தியை எழுப்பி நாற்காலி கொடுத்தேனே என்று அவன் வரிசை நடுவிலேயே கத்தினான். இனிமேல் அவளை அதட்டலாம் அல்லவா.

மத்தியானம் ஆபீசர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மருந்துக் கடைக்குப் போன் போட்டுப் புருஷனை வரச் சொன்னார்கள். ஒரே வீட்டுக்காரி என்பதால் இளையவளையும் அழைத்து நிறுத்தினார்கள்.

அறையில் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் ஆபீசரும் டைப் அடிக்கிற பெண்ணும். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை. மஞ்சள் துணி மேசையின் மேல் மடித்து வைத்திருந்தது. புருஷன் கடைக் கோட்டோடு வந்து நின்றான். மூத்தவளுக்கு அவனைப் பார்த்ததும் உயிர் வந்தது. இதோ வந்துவிட்டான். இனி அவன் பேசுவான். வீட்டில் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லப்போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபீசர் கேட்டார். "உங்க சம்சாரம் ஐந்து வாரத்துக்கு முன்னாலயே கலைச்சுட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

அவன் மேசையைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். பிறகு இளையவளைப் பார்த்தான். அவள் கண்ணை இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அறையில் சொல்வது சாயங்காலம் அம்மாவின் காதில் இருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது சார்," என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். அதே அன்பான குரல்.

மூத்தவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைக் கோட்டின் பையில் பேனா சொருகியிருக்கும் என்று தோன்றியது. அந்தப் பேனாவில்தான் அன்று இரண்டு புள்ளி வைத்தான்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. பதினோரு வருடக் காலர் அவளைக் காப்பாற்றியது. விளக்கக் கடிதம் ஒன்று கொடுத்தால் போதும் என்றார்கள். கடிதத்தை அந்தப் பெண்ணே டைப் அடித்து நீட்டினாள். என் கணவருக்கும் குடும்பத்தாருக்கும் தெரியாமல் நானாகக் கருவைக் கலைத்துக்கொண்டு, அதை மறைத்து, கர்ப்பிணிகளுக்கான சலுகைகளை அனுபவித்தது என் குற்றம் என்று இருந்தது. மூத்தவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள்.

"ஏங்க, சரியா எழுதியிருக்கான்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

அவன் படித்தான்.

"சரியாத்தான் இருக்கு. போடு," என்றான்.

அவள் போட்டாள். கீழே சாட்சியாக அவன் போட்டான். வால் வந்தது. வாலுக்குக் கீழே, பழக்க தோஷத்தில், இரண்டு புள்ளியும் வந்தது.

வீட்டில் மாமியார் அடிக்கவில்லை, கத்தவில்லை. அதைவிடத் தேர்ந்த வேலை செய்தாள். பேத்தியை மடியில் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டே, உனக்கு ஒரு தம்பி வரவிருந்தான், உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைத் துடைத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று கதை சொல்கிற குரலில் சொன்னாள். குழந்தை அன்று அம்மாவின் கையால் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றது.

"என்னை மட்டும் ஏன்மா விட்டுட்ட?"

மூத்தவள் அதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"உன்னைப் பெத்தப்ப எனக்குப் பயம்னா என்னன்னு தெரியாதுடி," என்றாள்.

குழந்தைக்கு அது புரியவில்லை. பின்னால் நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவள் அப்பனுக்குப் புரிந்தது. அவன் பிரஷை நிறுத்தவில்லை.

அவனிடம் அவள் ஒரு தடவைதான் கேட்டாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றாள். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும் என்றான் அவன். உன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அம்மா மனசும் பாதியாவது மிஞ்சட்டுமே, கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றான். ரத்தம் ஊறுகிற மாத்திரை ஒரு அட்டை கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். பழுப்புக் கவரில், இரண்டு மடிப்பு மடித்து.

அவளுக்கு ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தின் நகல், புடவைக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். இளையவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் காகிதத்தை நீட்டினாள். இளையவள் வாங்கினாள். தையலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். கையெழுத்தின் வாலில் விரலை வைத்தாள். கல்யாணப் பத்திரிகைக் கவர் முதல் ரேஷன் படிவம் வரை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கையெழுத்து.

மூத்தவள் காத்திருந்தாள். உலகத்தில் ஒருத்தியாவது, ஐயோ பாவம், நீ மட்டும் இல்லையே என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு மூச்சை அங்கேயே அழுது முடித்துவிடுவாள்.

இளையவள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்து மாமாவோடதுதான். யார் இல்லைன்னா. ஆனா மொட்டைமாடியில என்கிட்ட பார்ப்போம்னு சொன்னது நீங்க. அந்தப் பதினாலு நாளும் நான் இடுப்புல ஒரு பிள்ளையோட நடந்தேன்க்கா. அதுக்கு யார் கையெழுத்துப் போடுறது?"

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே, மாமியாரிடம் அவள் கடைசி வரை சொல்லவில்லை. வீடு உடையக் கூடாது என்பதற்காகவா, இவள் உடைய வேண்டும் என்பதற்காகவா, அது அவளுக்கே வெளிச்சம்.

மறுநாள் காலை மூத்தவள் நீலத் துணி கட்டிக்கொண்டு முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குச் செக்கிங் மேசையிலிருந்து ஒரு கட்டுச் சட்டை திரும்பி வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. ஆறு காலரில் சிவப்பு அம்பு. அவள் ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தாள். முனையோடு முனை பொருந்தியது. ஒரு நூல் பிசகவில்லை. அம்பை உரித்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினாள். அது தேறிப் போனது. மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினொன்று. சூப்பர்வைசர், நேர்கோடு கோணிப்போச்சு போலிருக்கே என்று வரிசை கேட்கச் சொன்னான். உரித்த அம்புகளை எறியக் கை வரவில்லை. டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் வரிசையாக ஒட்டி வைத்தாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் இப்போது அவள் எழுவதில்லை. முன்பு ஐந்து நிமிடம் முன்னால் போனவள், ஐந்து நிமிடம் பின்னால் போனாள். எல்லோரும் போன பிறகு, அறுபது மிஷினும் ஓய்ந்து கிடக்கிற அந்தக் கூடத்தில், வெட்டி அடுக்கிய காலர் துணிகளுக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் எலுமிச்சம்பழம் நீட்டவில்லை. பிறக்காமல் போனதற்காக அழுதாள். சாகாமல் இருப்பதற்காக அழுதாள். ஐந்து நிமிடம் முடிந்ததும் நீலத் துணியின் நுனியால் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் புருஷனின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். காலருக்கு உள்பக்கம், பிடரியில் படுகிற இடத்தில், டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து ஒரு அம்பை எடுத்து ஒட்டினாள். முனை மேலே, அவனையே காட்டியபடி.

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் அவன் அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து காட்டினான்.

"இது என்ன?"

"தப்பு இருக்கிற இடத்துல ஒட்டுறது," என்றாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நிறுத்திடுவேன்."

அவன் முற்றத்தைப் பார்த்தான். மாமியார் அங்கே பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் அம்பை உருட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் சட்டையிலும் இருந்தது. அதற்கு மறுநாளும். அவன் அப்புறம் கேட்கவே இல்லை. கடைக்குப் போனதும் யாரும் பார்க்காதபோது பிடரியில் கையை விட்டுத் தடவி, உரித்து, எறிந்துவிட்டு, அடுத்தவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். சில நாள் அவள் ஒட்டாமலே விட்டாள். அன்றும் அவன் கை பிடரிக்குப் போனது.

என்னடா எப்போது பார்த்தாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறாய் என்று மாமியார் ஒரு நாள் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். இளையவள் நிமிர்ந்தாள். மூத்தவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சொல்லிவிட நல்ல நேரம். இதைவிட நல்ல நேரம் வராது.

"வேர்க்குரும்மா," என்றான்.

மூத்தவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். பிறகு உள்ளே போய், நாளைய சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள்.